லக்காவுக்கு அம்மா போட்ட பங்குனி

எங்கள் வீட்டில் அம்மை போட்டது எனக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, ஒரு புறாவுக்கு. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகி, வீடே பத்தியம் இருந்து, முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றி இறக்கிய அம்மை அது.

புறா என்னுடையது. வெள்ளை லக்கா. வாலை விசிறி மாதிரி விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நடப்பதுபோல மொட்டைமாடியில் நடக்கும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டில் புறா வளர்க்க அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கூடத்தில் தறியில் யாரோ ஒருத்தியின் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருக்கும். அதில் புறா எச்சம் ஒரு சொட்டு விழுந்தால் போதும், என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அவளுக்கும் லக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிற சமயத்தில் லக்காவின் கண்ணோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பரு வந்தது. பிறகு அலகைச் சுற்றி, பிறகு கால் விரல்களில். இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. நான் அழுத அழுகையில் அப்பா தறியை விட்டு எழுந்து, லக்காவைக் கூடையில் வைத்து, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா லக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புறாவுக்கு வர்ற அம்மை. வைரஸ். கொசு கடிச்சுப் பரவுது. வலை போட்டுத் தனியா வைங்க, கொப்புளத்தைப் பிச்சுடாதீங்க. தீனி, தண்ணி ஒழுங்கா குடுத்தா தானா காஞ்சு உதிர்ந்துடும். மனுசங்களுக்கு ஒட்டாது" என்றார்.

அப்பாவின் காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்தது. நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினார். "பெரியம்மைங்களா, சின்னம்மைங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

"புறா அம்மைங்க" என்றார் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் ஒரு எருமை காத்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாம்பாருக்குத் தாளிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கையில் கடுகு டப்பா. அப்பா வாசலிலேயே நின்று, வீட்டில் அம்மா போட்டிருக்கிறது, இனிமேல் தாளிப்பு கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது என்று அடுக்கினார்.

"புறாவுக்கா?" என்றாள் அம்மா.

"புறாவா இருந்தா இன்னாம்மா. வந்துக்கிறது யாரு, அம்மாதானே."

அம்மா சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வாய்கூட லேசாகக் கோணியது. பிறகு ஏதோ யோசித்தாள். "அப்போ உங்க அண்ணன் வீட்லர்ந்து யாரும் வரமுடியாதே" என்றாள்.

"எப்படிமா வருவாங்க?"

அம்மா டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். "அம்மா விஷயத்துல விளையாடக் கூடாதுங்க" என்றாள். லக்காவைக் கூடையோடு வாங்கி, தாழ்வாரத்தில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து வைத்து, பழைய கொசுவலையைப் போர்த்தினாள். நான் அசந்துபோனேன்.

பெரியப்பா வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்கள் சென்னையில் இருந்தார்கள். பங்குனி பிறந்தால் பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள், பெரியம்மாவின் தங்கை, அந்தத் தங்கை வீட்டுக்காரரின் நண்பர் என்று எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். கொடி இறங்கினால்தான் அவர்களும் கிளம்புவார்கள். பெரியப்பா சாமி பார்க்க வருகிறவர்தான். ஆனால் எந்த நாள் எந்த வாகனம் என்று கேட்டால் தடுமாறுவார், எந்த நாள் எந்த வடை என்று கேட்டால் தடுமாற மாட்டார். எனக்கோ அதுதான் வருசத்திலேயே பெரிய கொண்டாட்டம். பெரியப்பா வீட்டு அண்ணன், அக்காக்களோடு தெருவெல்லாம் சுற்றலாம். அந்த நாட்களில் அம்மாவை அடுப்படி தவிர வேறெங்கும் பார்த்ததாக நினைவில்லை. அது ஒரு குறையாகவும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா போன் செய்தார். அவர் போனில் ஸ்பீக்கர் எப்போதும் திறந்தே இருக்கும்.

"கொழந்தைக்காப்பா?" என்று பதறினார் பெரியப்பா.

"இல்லண்ணா. புறாவுக்கு."

"நான் ஒண்ணும் புறாகூடப் படுத்துக்கப் போறது இல்லையே" என்றார் பெரியப்பா. அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, போனுக்குக் கேட்கும்படி, ஆனால் அப்பாவிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "வரட்டுங்க, நமக்கென்னா. தாளிக்காத பருப்பும் தயிர்சோறும் அவருக்கு ஒத்துக்கும்னா வரட்டும்."

பெரியப்பாவின் பக்தி அங்கேயே முடிந்துபோயிற்று.

எனக்குத் துக்கம் தாங்கவில்லை. லக்கா சீக்கிரம் குணமானால் திருவிழாவின் கடைசி நாட்களுக்காவது அவர்கள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஊரில் உள்ள அத்தனை சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்லவேண்டும். கண்ணோரத்துப் பரு காய்ந்து உதிர்ந்தது. லக்கா கம்பைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வாலை விரித்து, கூடைக்குள்ளேயே மாப்பிள்ளையின் தாய்மாமனாக நடந்தது.

அதற்குள் அப்பாவும் தளர்ந்துபோயிருந்தார். மழிக்காத தாடி, வாயில் ருசி இல்லை. தறியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு அப்பள வாசனைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். தாமே ஒருமுறை மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வந்து, "நல்லா ஆயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கம்மா. தண்ணி ஊத்திடலாம்" என்றார்.

"டாக்டருக்குத் தெரிஞ்சது வைரஸ்ஸு. அம்மா இறங்கிட்டாளா இல்லையான்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அம்மா.

லக்காவை மடியில் வைத்துக்கொண்டு இறகு இறகாக நீவிப் பார்த்தாள். அது கண்ணை மூடிக் கிறங்கிக் கிடந்தது. பகையெல்லாம் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. தேடித் தேடி, கடைசியில் கால் விரலைப் பிடித்து, "இதோ ஒண்ணு இருக்குது பாருங்க" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். "அது அழுக்கும்மா."

"அம்மாவை அழுக்குன்னு சொல்லுவியா? கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அப்பாவும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "அம்மா எப்படிமா இருக்கா?" என்று கேட்டார். "இன்னும் இறங்கல பெரியம்மா, கால்ல ஒண்ணு மட்டும் நிக்குது" என்றேன். அவர் விசாரித்தது என் அம்மாவை என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாளே எங்கள் அம்மாவுக்கும் அம்மை என்று சொந்தக்காரர்கள் பூராவும் செய்தி பரவி, எஞ்சியிருந்த ஒன்றிரண்டு விருந்தாளிகளும் நின்றுபோனார்கள். அப்பா என்னைத் திட்டினார். அம்மா திட்டவில்லை. எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

சாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கும் நாள். மதியம் அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் புதுச்சட்டையோடு தெருவில் திரிந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. லக்காவின் காலைக் கடைசியாக ஒருமுறை காட்டி நியாயம் கேட்டுவிடுவது என்று அம்மாவைத் தேடினேன். அடுப்படியில் இல்லை. துணி துவைக்கிற கல்லருகே இல்லை. கூடத்தை ஒட்டிய உள்ளறையில், மின்விசிறிக்கு நேர்க்கீழே, வெறுந்தரையில் அம்மா கிடந்தாள். ஒரு கை தலைக்கு அடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மனுசருக்கு ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னது பொய் என்று நினைத்தேன். நான் போனில் சொன்ன வாய்முகூர்த்தம்தான் பலித்துவிட்டது என்றும் நினைத்தேன். கூடத்துக்கு ஓடி, "அப்பா, அம்மாவுக்கும் போட்டுடுச்சு" என்றேன். தறி சத்தம் நின்றது. அப்பா வாசல் வேப்பிலையை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்த அரவத்தில் அம்மா விழித்தாள். எங்கள் இருவரையும், வேப்பிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா ஆச்சு? லக்காவுக்கு ஏதாச்சுமா?"

"உனக்கு என்னாமா செய்யுது?" என்றார் அப்பா.

"ஒண்ணும் செய்யல. தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓசைப்படாமல் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். அன்று மாலைவரை தறி சத்தம் கேட்கவில்லை. நான் மட்டும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றி, கன்னம், காதோரம் என்று ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டு, எங்கேயாவது கொப்புளம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் நம்பவில்லை. பகல் நேரத்தில் அம்மா தூங்குவதற்கு, அவளுக்கு நோய் வந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.