வீரன் முகத்தில் மை

ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லை எங்கே என்று இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டிருந்த சமயம். நகரியில் தறி நெய்துகொண்டிருந்த நான், ஒரு தமிழ்க் கல்வெட்டைக் காட்டிவிட்டால் எல்லை வடக்கே நகர்ந்துவிடும் என்று நம்பினேன். எனக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. அன்று அது ஒரு குறையாகவே படவில்லை.

மலையூர் ஒன்றில் எழுத்துள்ள நடுகல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தாளும் ஒரு டப்பா கரிமையுமாக ஏறினேன். கல்லில் வீரனின் ஈட்டி பன்றி வயிற்றில். பன்றியின் கோரைப்பல் வீரன் தொடையில். இருவரும் செத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தைப் படியெடுக்க, நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி மை ஒற்றினேன். தாள் கிழிந்தது. வீரன் முகமெல்லாம் கருப்பு.

அந்த ஊரில் நடுகல்லுக்கு மஞ்சள்தான் பூசுவார்கள். வீரனின் வம்சம் அற்றுப்போனால் மட்டும் கரி பூசுவார்கள். இது எனக்கு அடி வாங்கிய பிறகு தெரிந்தது. வம்சத்தில் மிச்சம் ஒரே ஓர் ஆள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர். அவர் மனைவி இருபதடி தள்ளியிருந்த குடிசையில் காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமென்று கல்லுக்குப் பூச, அவர் மஞ்சள் கிண்ணமும் தடியுமாக வந்தார்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"நம்ம ஊரு தமிழுன்னு காட்டணும்ணா. அதான் எழுத்து எடுக்கறேன்."

"என் வூட்ல ஆளே இல்லன்னு எவன்டா உனுக்குச் சொன்னான்?"

கையிலிருந்த தடி முதலில் தோளில் இறங்கியது. அடுத்தது வாயில், முன்பல் இரண்டு வீரன் காலடியில் விழுந்தன. மூன்றாவதைக் கையால் தடுத்தேன். கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விலாவில் உதைத்தபடி அவர் அழுதார். தமிழில் அடித்தார், தெலுங்கில் திட்டினார். எல்லை எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும் என்று அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

குடிசை வாசலில் மருத்துவச்சி தலை நீட்டினாள்.

"அவனக் கொன்னுட்டா கல்ல யாரு கழுவுறது? புள்ள தலை தெரியுது. சீக்கிரம்."

அவர் என் மயிரைப் பிடித்து இழுத்துத் தலையைக் கல்மேல் மோதினார். ஒரு கையால், என் வேட்டியாலேயே தேய்த்தேன். மை போன இடத்தில் என் வாய் ரத்தம் சொட்டியது. அதையும் தேய்த்தேன். கை நின்றபோதெல்லாம் முதுகில் தடி விழுந்தது. உள்ளே அவர் மனைவியின் அலறல் சட்டென்று நின்றது. தடி அந்தரத்திலேயே நின்றது.

குழந்தை அழுதது.

மஞ்சள் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். "நீயே பூசு."

பூசினேன். எழுத்துகள் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் மஞ்சளுக்குள் மறைந்தன. புத்தூரில் கட்டுப் போட்டு என் கை கூடிவிட்டது. அந்தக் கல்லில் இருந்தது என்ன மொழி என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.