கலியனின் மடி

எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் கலியன்தான். இத்தனைக்கும் அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தியும் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. ஓரிக்கையிலிருந்து பிழைக்க வந்தவர். தறியில் பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவைப் பழையதோடு இழை இழையாகப் பிணைத்துக் கொடுப்பது அவர் தொழில்.

என் மாமியாருக்கு அண்ணன் தம்பி ஆறு பேர். பிள்ளைக்குக் காது குத்த யார் மடி என்று அடிதடியே நடந்ததாம். எனக்கு அண்ணன் ஒருவர். என் மகள் சுகாசினிக்கு யாருமில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டது நான்தான், அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தெருவே அப்படித்தான் நிறுத்திக்கொண்டது.

முதலில் மாட்டியது ஒற்றைப் பெண்ணான சங்கீதா. குமரகோட்டம் முருகன் கோயிலில் அவள் மகனுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், உட்கார மாமன் இல்லை. கூட்டத்தில் நின்ற கலியனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் இந்தத் தெருவில் யாருக்கும் பங்காளி இல்லை, அதனால் எல்லார் வீட்டுக்கும் மாமனாகலாம். அதன்பின் ஒற்றைப் பெண் பெற்ற பிள்ளை என்றால் கலியன் மடிதான். மனுஷர் பேருக்கு உட்காரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்பார். "மாமா" என்று அதுகள் ஓடிவரும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. சங்கீதாவுக்கு இரண்டாவது தங்கவில்லை. அவள் மாமியார் அலமு விரல்விட்டு எண்ணினாள். கலியன் மடியில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் தம்பி தங்கை இல்லையாம். வாஸ்தவம்தான். ஒற்றையாய்ப் பிறந்தவர்கள் தாங்களும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அவர் மடி என்ன செய்யும் என்று கத்தினேன். யார் காதில் ஏறும்?

கலியனைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கொடுமை என்னவென்றால், அவரே அதை நம்பிவிட்டார். வாயும் வயிறுமாக யாராவது எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வார்.

போன தையில் சுகாசினியின் பெண்ணுக்குக் காதுகுத்து. மகளோடு நானே போய் அவரை அழைத்தேன்.

"வேணாம்மா," என்றார். "உன் வூட்லயாவது ரெண்டாவது ஒண்ணு பொறக்கட்டும்."

"நாங்க ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிட்டோம் மாமா," என்றாள் சுகாசினி. "நீங்க ஒக்காந்தாலும் அதான், ஒக்காரலன்னாலும் அதான்."

அவர் அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு இந்தப் பொண்ணு ஒரு புள்ளய பெத்தா, மடில வச்சிக்க யாரும்மா இருப்பாங்க?"

தெருப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் உடன்பிறப்பு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் கலியன் கோயில் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு அவர் சட்டையைப் பற்றிக்கொண்டது. மண்டபத்து ஓரத்தில் அலமு நின்றிருந்தாள், பக்கத்தில் மறுபடி முழுகாமல் இருந்த சங்கீதா. மருமகளின் வயிற்றைத் தன் முந்தானையால் மூடி, விடுவிடுவென்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்களும் போனார்கள்.

கலியன் அதைப் பார்த்தார். குழந்தையை என் பக்கம் நீட்டினார். அது சட்டையை விடவில்லை. இன்னொரு காது பாக்கி இருந்தது, உட்கார வேறு ஆள் இல்லை.