ராகு காலத்தில் வந்து சேர்ந்த விரால்

சேக்காட்டு ரேகாவைப் பொய் சொல்கிறவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடந்ததைக் கொஞ்சம் கொழுக்கவைத்துச் சொல்வாள், அவ்வளவுதான். திருமழிசைக் கம்பெனி ஒன்றில் ரப்பர் வாஷர்களைத் தரம் பிரித்துப் பையில் கட்டுவது அவள் வேலை. காலை ஏழு பத்துக்குக் கம்பெனி வேன். அதில் பதினோரு பெண்கள், ஒரு ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கரைத் தன் பூர்வீகச் சொத்தாக நினைக்கும் டிரைவர் ஜெகன். அவன் போடும் பாட்டில் வேன் கண்ணாடி மட்டுமா அதிரும்? கரையான்சாவடியில் நிற்கிற மாடுகளுக்குப் பல் ஆடும்.

ரேகா தன் கதைகளை முதலில் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். இருநூறு 'காலை வணக்கம்' ரோஜாக்களுக்கு அடியில் அவை புதைந்துபோயின. அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவள் வீட்டுக்காரர் தினகரன், கதையை அவள் குரலிலேயே பதிந்து வெளியிட பாட்காஸ்ட் ஒன்று தொடங்கி, அதற்கு ஃபீடும் அமைத்துக் கொடுத்தார்.

ஃபீடு என்றால் மந்திரமில்லை. இணையத்தில் ஒரு முகவரியில் தொங்கும் பட்டியல், கம்பெனி நோட்டீஸ் போர்டு மாதிரி. கதையின் பெயர், தேதி, ஒலி எந்த இடத்தில் கிடக்கிறது என்ற விவரம், இவ்வளவுதான் அதில். யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. கேட்க விரும்புகிறவர் ஒருமுறை அந்த முகவரியைத் தன் போனில் கொடுத்துவிட்டால் போதும். அவர் போனில் இருக்கும் ஆப் அவ்வப்போது போர்டை எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடும். பாடம் கேட்கிறவர்களும் செய்தி கேட்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைத் திங்கட்கிழமை கேட்கிறவர்களும் இந்த வழியில்தான் கேட்கிறார்கள். வேனில் இளையவளான காவ்யாவின் போனில் வெள்ளிதோறும் கதை வந்து உட்கார்ந்திருக்கும். அவள் அதை ஸ்பீக்கரில் போடுவாள். ஜெகன் பல்லைக் கடிப்பான்.

ஒரு வாரம் கதை தாமதமானது. ஜெகன் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, அடுத்த வெள்ளிக்கெயம காலைல ஸ்பீக்கர்ல கத வரலன்னு வெச்சுக்கோ, அப்புறம் எப்பவுமே என் பாட்டுதான். இன்னா சொல்ற?"

"வரும் நைனா. நீ காதுல பஞ்ச வெச்சிக்கினு வா."

வழக்கமாக வெள்ளி விடிந்ததும் கையால் பட்டனை அழுத்துகிறவள், பந்தயம் என்றதும் உஷாரானாள். வியாழக்கிழமையே தினகரன் போனில் கதையை ஏற்றினாள். நாள்காட்டியைப் பார்த்தாள். வெள்ளியன்று ராகு காலம் பத்தரைக்குத்தான். காலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவிட்டு நிம்மதியாக இட்லிக்கு ஊறப்போட்டாள்.

மறுநாள் வேனில் காவ்யா போனைத் தேய்த்தாள், தேய்த்தாள், விரல் ரேகை அழியும்வரை தேய்த்தாள்.

"ஒண்ணியும் வரலக்கா."

பதிவும் பாஸ்வேர்டும் தினகரன் போனில். அவரோ அம்பத்தூரில் ஷிப்டில், போன் லாக்கரில். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் ஜெகன் பாட்டைப் போட்டான்.

ரேகா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுக்கு மேல் குரலை எடுத்துச் சொன்னாள்: "இந்த ஏரில கீற விரால் ஒண்ணு பஸ் பாஸ் எடுத்து, தெனம் திருமழிசைக்கு வேலைக்குப் போச்சு."

"மீனுக்கு எவன் பாஸ் குடுத்தான்?" என்றான் ஜெகன்.

"போட்டோல மூஞ்சி தெளிவா இருந்திச்சாம், குடுத்துட்டான். உன் லைசென்சுல கீறத மூஞ்சின்னு நெனச்சி குடுக்கலியா?"

வேன் குலுங்கிச் சிரித்தது. விரால் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டது. கண்டக்டர் அதன் மேல் தண்ணீர் தெளித்தார். ஜெகன் பாட்டைக் கொஞ்சம் குறைத்தான். பூந்தமல்லியில் இன்னும் குறைத்தான். கம்பெனி வாசலில் விரால் சூப்பர்வைசர் ஆனபோது பாட்டு எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியாது.

"ஆனா வாயால சொன்னது செல்லாது. ஸ்பீக்கர் எனுது," என்று மட்டும் மறக்காமல் சொன்னான்.

தகரக் கொட்டகைக்குள் சிக்னல் கிடையாது. மதியம் சாப்பிட வெளியே வந்ததும் கதை வந்துவிட்டதென்று எல்லாப் போன்களும் ஒன்றாகக் கூவின. தினகரனுக்கும் அது சாப்பாட்டு நேரம். ரேகா அவரை அழைத்தாள்.

"நேரம் குறிக்கற எடத்துல லண்டன் டைம் போட்டிருக்கு. மாத்த மறந்துட்டேன்மா. அங்க ஆறுன்னா நமக்குப் பத்தர," என்றார் அவர்.

ஏற்றிவைத்ததும் அதே விரால் கதைதான், கச்சிதமாக ராகு காலம் பிறக்கும்போது வந்து இறங்கியிருக்கிறது. அதுவும் பரவாயில்லை. பதிவில் விரால் சூப்பர்வைசர் ஆகவே இல்லை. மழை நாளில் வேலையை உதறிவிட்டு ஏரிக்கே நீந்திப் போயிருந்தது. திரும்பும் வேனில் எந்த முடிவு சரி என்று பெண்கள் இரண்டு கட்சியாகக் கத்தினார்கள்.

"வேலைய உட்டுச்சா? ஏன் உட்டுச்சு?" ஜெகன் கண்ணாடியில் ரேகாவைத் தேடினான்.

"அது போன்ல கீற கத. பந்தயத்துல நீ ஜெயிச்சிட்ட. பாட்டப் போடு நைனா."

பாட்டுப் போட்டான். நசரத்பேட்டைவரை தாங்கினான். பிறகு அவனே நிறுத்தினான்.

"சரி யக்கா, ஸ்பீக்கர் உங்களுதே. அந்த மீனப் போடு."

காவ்யா போட்டாள். வேன் சேக்காட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இறங்கவேண்டியவர்களில் ஒருத்தியும் நிறுத்தச் சொல்லவில்லை.