தேய்க்க வேண்டாத மருந்து

ஊரார் தலையில் கை வைத்தே பிழைத்தவன் என்று சலூன்காரர் தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். அந்தக் காலத்தில் அதற்குச் சிரிக்க ஆள் இருந்தார்கள். நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் நாலு பேர். கத்தரி பிடித்து உயர்ந்தே நின்ற வலது கை ஒருநாள் தோளுக்கு மேல் எழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு அடங்கினார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. மகள் கடல் தாண்டி இருக்கிறாள், போன் திரையில் வந்து, “சாப்டீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் திரைக்குள்ளிருந்து கை நீளுமா?

யாருமே தொடாமல் ஒரு மனிதன் மாதக்கணக்கில் காலம் தள்ளிவிட முடியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில்கூட வேறு இடம் காலியானதும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார்.

அதனாலேயே தோள்வலிக்குப் போன ஆஸ்பத்திரி அவருக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒரு நர்ஸம்மா வாரம் இருமுறை தோளில் களிம்பு பூசி, சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். “நல்லாத் தேய்ச்சாத்தான் உள்ள இறங்கும்” என்பாள். வலி இறங்கியதோ இல்லையோ, அந்த நாட்களுக்காக முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததுமே கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு அலங்காரம் இருந்திருக்காது.

இதற்கு நடுவில்தான் மாடியில் ஆராய்ச்சி செய்கிற இளம் டாக்டரம்மா புது ஜெல் ஒன்றைக் கொண்டுவந்து, பரிசோதனைக்குச் சேர்கிறீர்களா என்று கேட்டாள்.

“தோலு லேசுப்பட்டது இல்லைங்க ஐயா. மருந்தைச் சட்டுனு உள்ள விடாது. அதனால மருந்தைக் குட்டிக் குட்டிக் கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு அனுப்புறோம். நானோ உருண்டைன்னு பேரு. தோல்லயும் கொழுப்பு இருக்குல்ல, நம்ம ஆளுதான்னு வழி விட்டுடும். ஒரு முடியோட தடிமன்ல நூத்துக்கணக்கான உருண்டையை வரிசையா வைக்கலாம்.”

“யாரு முடிம்மா? ஆளுக்கு ஆள் மாறுமே.”

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். “யாரு முடியா இருந்தாலும் சரி. தேய்க்கவே வேணாம். நீங்களே தடவிக்கலாம், யாரையும் எதிர்பார்த்து இங்க வரைக்கும் அலைய வேணாம்.”

நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் அவரும் தலையாட்டிவிட்டார்.

ஜெல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சில வாரம் கழித்து ஒரு காலையில், பரண்மேல் இருந்த பெட்டியை ஏதோ நினைவில் எட்டி எடுத்தார். எடுத்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது உறைத்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் பெட்டியும் கையுமாக அப்படியே நின்றார். இனி ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை?

டாக்டரம்மா கையைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார். “அப்படியேதாம்மா இருக்கு.”

அவள் முகம் தொங்கிப்போனது. வருஷக்கணக்கில் அந்த ஜெல்லோடு மல்லுக்கட்டியவள். “பரவால்லைங்க ஐயா. ஜெல்லை நிறுத்திடுவோம். பழையபடி களிம்பே போட்டுக்குங்க” என்றாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலை துள்ளிக் குதித்ததை மறைப்பானேன்.

அந்த வாரமே நர்ஸம்மாவிடம் போய்ச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். தோளில் கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தேய்க்கிற கை தயங்கியது. திரும்பிப் பார்த்தால், நர்ஸம்மா தன் மணிக்கட்டை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சும்மா?”

“ஒண்ணுமில்லைங்க ஐயா. நாள் பூரா தேய்ச்சுத் தேய்ச்சு மணிக்கட்டு போயிடுச்சு. வீட்ல ஒரு குடம் தண்ணி தூக்க முடியல. உங்களுக்கு அந்த ஜெல்லு கேட்டுதுன்னா எல்லாருக்கும் அதையே குடுத்துடுவாங்கன்னு மலையா நம்பியிருந்தேன். நமக்கு அந்த ராசி இல்ல.” சொல்லிவிட்டு மறுபடியும் தோளை அழுத்தத் தொடங்கினாள்.

சலூன்காரருக்குக் கூசிப்போயிற்று. நின்றபடியே நாள் முழுக்கக் கையை உயர்த்தி வைத்திருந்தவருக்கு அந்த வலி தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் என்ன என்று மனசு பேரம் பேசியது. அந்தக் கொஞ்ச நேரமும் பேசாமல்தான் இருந்தார். பிறகு வலது கையை மெல்லத் தூக்கினார், தலைக்கு மேலே, முழுசாக.

“ஜெல்லு கேட்டுடுச்சும்மா. அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

“பொய்யா? எதுக்குங்க ஐயா?”

பதில் வாய்வரைக்கும் வந்தது. “புத்தி கெட்டுப்போச்சு” என்று மட்டும் சொன்னார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, “இருங்க, டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லிட்டு வரேன். இனிமே உங்களுக்குத் தேய்க்கவே வேணாம்” என்று அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.