ஒன்பது நாள் பிந்திய ஒரு வரி

லைப்சிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படி விளக்குக்கு ஆயுள் குறைவு. கீழே பொத்தானை அழுத்தினால் எரியும். தனக்கென்று வைத்திருக்கும் நேரம் முடிந்ததும் யாரையும் கேட்காமல் அணைந்துவிடும். குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடுகிற ஊர் இது. மளிகைப் பையோடு ஏறும் எனக்கு எப்போதும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் இருட்டு. எதிர்வீட்டு அம்மையார் எழுபதைத் தாண்டியவர். வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் திறந்து உள்ளே போய்விடுகிறார். இந்த மாடிப்படி விளக்கின் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா என்று என் அரைகுறை ஜெர்மனில் ஒருநாள் கேட்டேன். "நேரம் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள்தான் மெதுவாக ஏறுகிறீர்கள்" என்றார். கோபமே இல்லை, பேருந்து எண் சொல்வது போலச் சொன்னார்.

மெதுவானவன் என்று ஊரில் யாரும் என்னைச் சொன்னதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் பொறியியல் படித்தபோது எதையும் முதலில் பிரித்துப் பார்ப்பவன் நான்தான். இரண்டாவது ஆள் பூபதி. அவன் அப்பா போர்வெல் போடும் ரிக்கு வண்டி வைத்திருந்தார். சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த கிராஃபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அதை ஓட்டும் திறமூல டிரைவருக்குள், யாரும் திறந்து திருத்தக்கூடிய மென்பொருளுக்குள், நுழைந்தோம். கார்டின் உள்விவரம் வெளியே கிடைக்காது; உலகத்தில் அங்கங்கே இருக்கிற கொஞ்சம் பேர் தட்டித் தடவிக் கண்டுபிடித்து எழுதுகிற மென்பொருள் அது. அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மத்தியாஸ் லைப்சிக்கில் இருக்கிறார் என்று தெரிந்துதான் மேற்படிப்புக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். பூபதி ஊரிலேயே தங்கிவிட்டான். பகலில் வண்டி ஷெட், மற்ற நேரத்தில் கார்டு.

இங்கே வந்து இரண்டு வருடமாக ஒரு கோளாறோடு மல்லுக்கட்டினேன். கார்டின் விசிறி எப்போதாவது நாலு விநாடி நின்றுவிட்டு மறுபடி சுற்றும். தூசி என்று துடைத்தேன், மின்சாரம் என்று பவர் சப்ளையை மாற்றினேன். கார்டுக்குள் ஒரு டைமர் இருக்கிறது. இன்ன நேரம் வந்ததும் என்னை எழுப்பு என்று அதில் எழுதி வைத்தால், அந்த நேரத்தில் விசிறியை மறுபடி முடுக்கலாம். போன மாதம் பூபதி அழைத்தான். "ஏன்டா மாப்ள, கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுனா எங்கப்பன் டைமிங்கைத்தான் மொதல்ல பாக்கச் சொல்லுவாரு. இதுவும் அப்படித்தான்டா. நாம எழுந்திரிக்கச் சொல்ற நேரத்தை எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த நேரமே தாண்டிப் போயிருது. அது அடுத்த சுத்து வார வரைக்கும் தூங்குது. சுத்துக்கு நாலு செகண்டு." எழுதிய கையோடு கடிகாரத்தை இன்னொரு முறை படி, நேரம் கடந்திருந்தால் காத்திருக்காமல் வேலையை அப்போதே செய். இதுதான் அவன் அனுப்பிய பதினோரு வரித் திருத்தம். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுத விருப்பமில்லை. கண்டங்கள் தாண்டி வந்தவன் நான், கண்டுபிடித்தவன் ஷெட்டில் உட்கார்ந்திருப்பவன்.

திருத்தம் சேர வேண்டுமென்றால் வேறொரு ரகக் கார்டிலும் யாராவது ஓட்டிப் பார்த்து, 'சோதித்தவர்' என்று தன் பெயரை ஒரு வரி எழுதித்தர வேண்டும். அந்த ரகம் என்னிடம்தான் இருந்தது. திருத்தம் வந்த அன்றே ஓட்டினேன். விசிறி ஒருமுறைகூட நிற்கவில்லை. தேதி, நேரத்தோடு சோதனை பதிவாகியிருந்த லாக்கைச் சேமித்துவிட்டு, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அடுத்த வார ஞாயிறுக்குள் போகாவிட்டால் இந்தப் பதிப்பு மூடிவிடும்; அடுத்த பதிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். "என்னடா, கார்டு ஓடலையா?" என்று நடுவில் கேட்டான். "வேலை அதிகம்டா, இன்னும் மாட்டலை" என்றேன். "செரி செரி, மெதுவாப் பாரு" என்றான். அந்த 'மெதுவா' இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை, நிரல் எழுதுகிற எல்லோரும் கூடும் பட்டறையில் மத்தியாஸ் என்னைப் பிடித்தார். "உன் நண்பர் எந்தத் தேதியில் வருகிறார்? மேல்மாடி அறையை மனைவி ஒழித்து வைத்துவிட்டாள்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பூபதியின் மின்னஞ்சல், கடைசி வரி: ஓகே சார், ஐ வில் கம். ஊரில் வாசிப்பவர்களுக்கு இது புரிந்திருக்கும். 'செரிங்க, வாரேனுங்க' என்பதை அவன் அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருக்கிறான். எனக்கோ இன்னொரு கொள்ளி. இரண்டு வருடத்தில் அந்த வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு தப்பான வாக்கியத்தில் மாடி அறை.

"அவன் வரவில்லை. எங்கள் பக்கம் கிளம்புகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்றேன்.

"போகும்போது வருகிறேன் என்றா? அப்படியானால் வரும்போது?"

"அப்போதும் அதேதான்."

சிரித்தார். "நீ கிளம்பும்போது அவரிடம் என்ன சொன்னாய்?"

"அதேதான் சொன்னேன்."

"போகிறேன் என்று சொல்லவே இல்லை. ஆக, நீதான் இன்னும் போகவில்லை." வேடிக்கையாகத்தான் சொன்னார். உடனே முகம் மாறி, "அவர் உன் சோதனைக்காகக் காத்திருக்கிறார், தெரியுமல்லவா?" என்றார். தலையாட்டினேன். பேருந்து நிலையத்தில் என் பெட்டியை ஏற்றிவிட்டவன் பூபதி. இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்டது இந்த ஒரு வரி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து லாக்கைத் திறந்தேன். ஒன்பது நாள் பழைய தேதி. மறுபடி ஓட்டினால் இன்றைய தேதி விழும், யாருக்கும் தெரியாது. கார்டைச் சூடேற்றக்கூட ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திவிட்டுப் பழைய லாக்கையே இணைத்து, பெயர் எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பூபதி அழைத்தான்.

"ஏன்டா, அங்கிருந்து மெயில் வாரதுக்கு ஒன்பது நாளாகுதா? ரிக்கு வண்டியில ஏத்தி உட்டிருந்தாக்கூட முன்னாடியே வந்திருக்கும்."

"பொறாமைடா."

ஷெட்டில்தான் இருந்தான். பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு இல்லைங்கறயா?" என்றான். "நீ பிளேன் ஏறுன அன்னைக்கு நான் ஊட்டுக்கே போகலை. ஷெட்டுலயே கெடந்தேன்." பிறகு விசிறியைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிறு காலை மத்தியாஸிடமிருந்து ஒரு வரி வந்தது. "லாக்கில் இந்திய நேரம் இருக்கிறது. சோதனை எந்த ஊரில் நடந்தது?" அப்போதுதான் கவனித்தேன். கார்டு மாட்டியிருக்கும் கணினியின் கடிகாரத்தை, வந்த நாளிலிருந்து நான் மாற்றவே இல்லை. கார்டு லைப்சிக்கில், கடிகாரம் திருச்செங்கோட்டில் என்று பதில் எழுதினேன். அவர் வேறொன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். முதலில் பூபதி பெயர், அதற்குக் கீழே என் பெயர். மேலே இருக்கும் பெயரைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. கணினியை ஜெர்மன் நேரத்துக்கு மாற்றலாம் என்று ஊர்களின் பட்டியலைத் திறந்தேன். விரல் அதன்மேல் நின்றது. எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிவிட்டேன்.