நம்பாத முகம்

அப்படியாக்காவுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது கீழே அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள்தான். யார் என்ன சொன்னாலும் பென்சிலை நிறுத்தாமல் "அப்படியா?" என்பாள். சம்பளம் கூடப்போகிறது என்றாலும் அப்படியா, மாடிப்படியில் பாம்பு என்றாலும் அப்படியா. பாம்பு உண்மையிலேயே வந்திருந்தது என்பது வேறு விஷயம்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. இளம் வயதில் ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்றான். நம்பினாள். கல்யாணத்துக்குத் துணிமணி தைத்து வந்த பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஆள் ஊரைவிட்டே போய்விட்டான். அழுதாள், தேறினாள், நம்புகிற வேலையை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவள் வரைவது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதிக்கு. சொல்லுக்கு ஒரு சின்னப் படம். நாற்காலியும் குடையும் எப்போதோ முடிந்து, மனிதர்களின் குணங்கள் நடந்துகொண்டிருந்தன. கூச்சம், பொறாமை, பசி என்று மேசை முழுக்க முகங்கள். கீழே மெஷின் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்த அதிர்வில் கண் செருகும். அப்போது முகங்கள் தாளைவிட்டு எழுந்து அறைக்குள் மெல்ல உலாவும். பொறாமைக்காரி ஜன்னலோரம் போய் நிற்பாள். கூச்சக்காரன் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்குவான். அவள் அவர்களை விரட்டமாட்டாள். கூடவே கொஞ்ச தூரம் மிதந்துவிட்டுத் திரும்புவாள்.

அந்த வாரம் வந்த சொல் 'இன்க்ரெடுலஸ்'.

"நம்ப முடியாத சங்கதிக்கு வேற சொல்லு, இன்க்ரெடிபிள்" என்றார் பதிப்பாசிரியர். வேர்ச்சொல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். "இது அந்தச் சங்கதியைக் கேட்டுட்டு நம்பாம நிக்கிற ஆளு. லத்தீன்ல க்ரெடெரேன்னா நம்புறது. முன்னால இன் வந்தா, இல்லைன்னு ஆயிடும். கிரெடிட் கார்டுல இருக்கிற கிரெடிட்டும் அதே குடும்பம்தான். இன்னும் பின்னால போனா, நெஞ்சைக் கொண்டுபோய் ஒரு இடத்துல வைக்கிறதுன்னு அர்த்தமாம். வடமொழி வழியா நமக்கு வந்த சிரத்தைகூட அதுக்குச் சொந்தம்னு சொல்றாங்க."

"அப்படியா?" என்றாள்.

"இந்த முகத்தைத்தான் வரையச் சொல்றேன்" என்றுவிட்டு அவர் போனார்.

கண்ணாடியில் பார்த்தாள். நம்பாத முகம் இந்த ஊரில் எங்காவது இருக்குமென்றால் இங்கேதானே இருக்கவேண்டும்? இருந்ததென்னவோ வெறும் களைப்பு. காவலாளியை முகம் காட்டச் சொன்னாள். காது கேளாதவர் மாதிரி காட்டினார். கணக்கரின் முகம் பல்வலிபோல வந்தது. கேட்டு வாங்கும் முகம் என்றுமே பொய்தான், தானாக வரவேண்டும். அதனால் கணக்கரிடம், "மேனேஜர் உங்களை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தாரு" என்று எடுத்துவிட்டாள். அவர் அதை அப்படியே நம்பி வெட்கப்பட்டார். கூச்சம் ஏற்கெனவே வரைந்தாயிற்று.

யாராலும் நம்ப முடியாத ஒன்றாகச் சொல்லவேண்டும். யோசித்தபடியே படியிறங்கினாள்.

கீழே மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி போய்ப் பல வருடம். சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு, வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகளிடம் போகிறார். போன மாதம் இதே படிக்கட்டில் வைத்துத்தான், "நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்துட்டா என்ன? முறையா கல்யாணம் கட்டிக்கிட்டுத்தான்" என்று கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

"அசையாம நில்லுங்க. படத்துக்கு ஒரு முகம் வேணும்" என்றாள். பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. சரி, கட்டிக்கிறேன்" என்றாள்.

அவருடைய புருவம் உயரவில்லை. ரொம்ப தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைத்தவரின் முகம்போல அந்த முகம் இளகியது.

"சரி" என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "மையும் கையுமா நிக்கிறேனே" என்று ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

அவளுடைய தாள் வெறுமையாகவே இருந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷர் நெஞ்சைக் கொண்டுவந்து வைத்தேவிட்டார், வைக்கிற இடம் தாங்குமா என்றுகூடப் பார்க்காமல். படத்துக்காகச் சொன்னேன் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் மகளைப் போனில் கூப்பிட்டிருந்தார். இரண்டு வாக்கியம் பேசியவர், சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா. நீங்களே சொல்லுங்க."

அப்படியாக்கா வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் குரல் தயங்கியது.

"அத்தை, அப்பா சொல்றது நிஜமா? உங்களைப் பத்தி அப்பா நிறைய சொல்லியிருக்காரு. நீங்க சட்டுனு சரின்னு சொல்ற ஆள் இல்லியே. விளையாட்டுக்குன்னா இப்பவே சொல்லிடுங்க. கோவிச்சுக்கமாட்டேன். அவர் மனசு உடையாம நான் பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன்."

கதவு திறந்தே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே வந்துவிடலாம். திரும்பிப் பார்த்தாள். அவர் குழாயடியில் முதுகைக் காட்டி நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டுகூட நிற்கவில்லை. நின்றுபோன மெஷின் மேல் மாலை வெயில் விழுந்து, கூடம் முழுக்க யாரோ காணும் கனவுபோலத் தெரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. வேண்டும்போலவும் இருந்தது.

"விளையாட்டாத்தாம்மா ஆரம்பிச்சேன்" என்றாள். "இப்ப இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். என்னை நம்பு."

 மறுமுனையில், நம்பலாமா என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்படியாக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் வாய் திறக்கக் காத்து நின்றாள்.