மட்டுவார்குழலியும் கிளம்பாத காரும்

மலைக்கோட்டைச் சாமியின் பெயர் அவருக்கு, அம்மனின் பெயர் இவளுக்கு. மாத்ருபூதத்துக்கும் மட்டுவார்குழலிக்கும் கல்யாணம் என்று பத்திரிகை போனபோது, இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். அம்மன் சந்நிதியைவிட்டு நகர முடியாது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில், லிஃப்ட் இல்லாத அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடிதான் குழலியின் சந்நிதி. மாத்ருபூதம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கொஞ்சம் தேறி, வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தார். படி இறங்க முடியாது என்றார். தனியாக இருக்கவும் முடியாது என்றார். குழலி முக்குக் கடைக்குப் போய்ப் பை நிறைவதற்குள் போன் அடிக்கும்.

மகள் பானுப்ரியா வாழ்க்கைப்பட்டது தொட்டியத்தில். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவரக் குழலிக்குக் கொடுத்துவைக்கவில்லை. புகுந்த வீட்டிலேயே பிரசவம் ஆயிற்று. பேத்தியைப் பெரும்பாலும் போனில்தான் பார்த்தாள். பெற்ற தாய் இருந்தும் இப்படியா என்று தன்னையே நொந்துகொள்வாள்.

அவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்றால், "நான் ஓட்டின பஸ்ல என்னையப் பயணியா உட்காரச் சொல்றியா?" என்பார். டாக்ஸி என்றால், "கண்டவன் ஓட்டுற வண்டில ஏற மாட்டேன். நம்ம கார்னா வரேன்" என்பார். நம்ம கார் கீழே உறை போர்த்திக் கிடந்தது. ஓட்ட ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு அது.

ஐம்பத்தைந்து வயதில் குழலி திருவானைக்காவலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். காலையில் அவர் கண்ணயரும் நேரம் பார்த்து ஓடுவாள். ஒருநாள் திரும்பி வந்தபோது மாத்ருபூதம் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து, வேட்டியின் பின்புறமெல்லாம் கறுத்திருந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு பால்கனிக்குப் போனேன். விழுந்துட்டேன். நீ பாட்டுக்குப் போயிடுற" என்றார்.

பாவி, நான் ஏன் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் பாதி உயிர் வீட்டில்தான் கிடந்தது. எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

மறுநாள் பேத்திக்குக் காது குத்து. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மெக்கானிக் முஜிபுர் ரஹ்மான் காலையிலேயே வந்து உறையை எடுத்தார். செத்துப்போன பேட்டரியை மாற்றினார். டேங்கில் கெட்டுக்கிடந்த பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினார். எலி எதையாவது கடித்திருக்கிறதா என்று வயர்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

"அக்கா, பின்சீட்டுல உட்கார்ந்து காதைக் குடுத்துக் கேளுங்க. சாவியப் போட்டதும் சீட்டுக்கு அடியில உய்யுன்னு ஒரு சத்தம் வரணும். அது பெட்ரோல் பம்ப்பு."

குழலி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி ஏற்றிய காரில் வீட்டில் இருக்கும் அதே புழுக்கம். சீட்டில் காதை வைத்தாள். மாடியிலிருந்து அவர் வைத்திருந்த டிவி சத்தம் லேசாகக் கேட்டது. சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"வரல தம்பி."

முஜிபுர் ரஹ்மான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, ஃபியூஸ் பெட்டியின் மூடியை எடுத்து டார்ச் அடித்தார். பெட்ரோல் பம்ப்பு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எரிஞ்சிருந்தா ஃபியூஸ் கருகி இங்கயே இருக்கும். இதை யாரோ கழட்டியிருக்காங்க. கார் பூரா தூசி, இந்த மூடில மட்டும் விரல் பட்டிருக்கு பாருங்க. சாவி யாருகிட்ட இருக்கும்?"

சாவி வீட்டில் ஆணியில் தொங்கும். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அந்தக் கறுத்த வேட்டி அவள் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கு அதை அலசி அலசிக் கை ஓய்ந்திருந்தது. அது பால்கனி அழுக்கு இல்லை.

வேறு ஃபியூஸ் போட்டதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது. குழலிக்குச் சந்தோஷம் வரவில்லை. மாடிக்குப் போய் டிவியை அணைத்தாள்.

"ஃபியூஸ் எங்கங்க?"

"எந்த ஃபியூஸ்?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"நீ ஓட்டக் கத்துக்கிட்டா என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயமா இருந்துச்சு, குழலி."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஆத்திரமாக இருந்தது.

"எப்படி இறங்குனீங்க?"

"கம்பியப் புடிச்சுக்கிட்டு."

"ஏறுனது?"

"படி படியா உட்கார்ந்து உட்கார்ந்து." சொல்லும்போது அந்த மனிதருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ரெண்டு மாடி இறங்கி ஏறியிருக்கீங்க. அப்ப தனியாவும் இருப்பீங்க" என்றாள் குழலி.

நாளைக்கும் சேர்த்துச் சோற்றையும் குழம்பையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் மூடி வைத்தாள். மாத்திரையைப் பக்கத்தில் வைத்தாள். பேத்திக்கு வாங்கிய கவுனையும் தன் புடவையையும் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் கால் பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் ஏறிவிடுவோம் என்று அவளுக்கே தெரியும்.

கீழே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏறுங்கக்கா" என்றார் முஜிபுர் ரஹ்மான்.

"அணைச்சுட்டு உறையப் போட்டுடுங்க, தம்பி."

"என்னக்கா, இப்பத்தானே கிளம்புச்சு!"

"அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் எனக்குக் கார் வேணும். நான் மட்டும் போறதுக்குப் பஸ் இருக்கு."

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "குழலி! நானும் வரேன், இரு!" அவள் தெரு முனை திரும்புவதற்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தொட்டியம் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுந்து திரும்பிவிடாமல் இருக்க, டிக்கெட் வாங்கும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.